உடைக்கேற்ற பிள்ளையா, பிள்ளைக்கேற்ற உடையா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கலைத் திருவிழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் பிள்ளைகளைத் தயார் செய்வது பற்றி இன்று பேசுகிறோம். பாட்டு, நடனம், நாடகப் பயிற்சி பற்றி எனக்குப் பின்னால் பேச இருப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் ஒரு தகரப் பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அந்தப் பெட்டி உங்கள் பள்ளியிலும் இருக்கும். தலைமையாசிரியர் அறை பீரோவின் மேலே இருக்கும். இல்லையென்றால் பழைய வரைபடங்கள் சாத்தி வைத்திருக்கும் மூலையில் இருக்கும். திறந்தால் பாரதியார் கோட்டு, கட்டபொம்மன் அங்கி, வேலு நாச்சியார் கச்சை, ஜமிக்கி உதிர்ந்த நடன உடை, சலங்கை தைத்த இடுப்புப் பட்டை எல்லாம் கிடக்கும். கடையில் வாங்கியவை மிகக் குறைவு. யாரோ ஒரு ஆசிரியர், யாரோ ஒரு பிள்ளையின் அம்மா, இராத்திரி உட்கார்ந்து கையால் தைத்தவைதான் அதிகம்.

2022-23ஆம் கல்வியாண்டில் கலைத் திருவிழா தொடங்கிய பிறகு இந்தப் பெட்டிக்கு வேலை கூடிவிட்டது. பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் வரை பிள்ளைகள் போகிறார்கள். ஒவ்வொரு முறையும் வாடகைக்கு உடை எடுக்க நம் பெற்றோரால் முடியாது. கம்பம், கோம்பை, போடி பக்கமிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். திராட்சைத் தோட்டத்துக்கும் நடவுக்கும் போகிறார்கள். அவர்களிடம் போய், ஒரே ஒரு நாள் போடப்போகும் உடைக்குக் காசு கேட்க எனக்கு வாய் வருவதில்லை. அதனால் பெட்டியைத் திறக்கிறோம்.

திறந்ததும் நாம் செய்கிற முதல் காரியம் என்ன? உடையைக் கையில் எடுத்து, "இது யாருக்குச் சேரும்?" என்று வகுப்பைப் பார்க்கிறோம். நான் தவறு செய்தது அந்த இடத்தில்தான்.

எங்கள் பள்ளத்தாக்கில் சனவரி 15 என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1841இல் அந்த நாளில் பிறந்த ஜான் பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிற ஊர்கள் இங்கே இருக்கின்றன. 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைகிறது. லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். டீக்கடையிலும் வீட்டிலும் அவர் படம் சாமி படத்தோடு மாட்டியிருக்கும். அந்தத் தேதி பொங்கல் விடுமுறையில் வந்துவிடுவதால், விடுமுறை விடுவதற்கு முந்தைய வாரத்தில் எங்கள் நடுநிலைப் பள்ளியில் அணை கட்டிய கதையைச் சின்ன நாடகமாகப் போடுவோம். அதற்கென்று ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. வெல்வெட் காலர், இரண்டு வரிசை பித்தளை நிறப் பட்டன்கள். எங்கள் பள்ளியில் முன்பு தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் தைத்தது.

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி. நல்ல குரல். வசனத்தை ஒரு தடவை வாசித்தால் போதும், மனத்தில் நிறுத்திவிடுவாள். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி பேசுவாள். பென்னிகுவிக்காக நடிக்கிறேன் என்று அவளே கேட்டாள். பெண் பிள்ளை அந்த வேடம் போடுவதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் கோட்டை அவள் தோளில் வைத்துப் பார்த்தேன். அவள் கொஞ்சம் உடம்பான பிள்ளை. கை நுழைந்தது, முன்பக்கம் சேரவில்லை. "இது உனக்கு ஏறாதும்மா, வேற ஆள் பாப்போம்" என்றேன்.

நான் வேண்டுமென்று சொல்லவில்லை. பத்து வேலைக்கு நடுவில் வாயில் வந்ததைச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. கோட்டுக்குச் சரியாக இருந்த ஒரு பையனைப் பிடித்து நிற்க வைத்தேன். நாடகம் நடந்தது. கோட்டு கச்சிதமாக இருந்தது. வசனம் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை.

அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்க வருவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் தொண்டை சரியில்லை என்பாள். எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. புரிந்த பிறகும் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கல்வியாண்டு முடிந்தது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்தக் கோட்டை ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு தையல் அக்கா வீட்டுக்குப் போனேன். போகும்போது மனத்துக்குள் ஒரு தயக்கம். அவர் கையால் தைத்ததை வெட்டித் தாருங்கள் என்று அவரிடமே எப்படிக் கேட்பது? கேட்டேன். அவர் கோட்டைத் திருப்பி, லைனிங்கின் அடியில் இரண்டு விரலை விட்டு, பக்கவாட்டுத் தையலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எதுக்கு டீச்சர் வெட்டணும்? உள்ள ஒரு இஞ்ச் விட்டுத்தான வச்சிருக்கேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தைக்கிறது, வளர்த்திக்கு விடாம யாராச்சும் தைப்பாங்களா?"

அத்தனை ஆண்டும் அந்தத் துணி உள்ளேயே இருந்திருக்கிறது. நான் ஒரு நாளும் கோட்டைத் திருப்பிப் பார்த்ததில்லை.

"வளர்த்திக்கு விடுவது" என்ற சொல் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சொல். நம் தலைமுறைப் பெண்கள் பாவாடையை நினைத்துப் பாருங்கள். தீபாவளிக்குத் தைக்கும்போதே அம்மா கீழே இரண்டு மூன்று டக் பிடிக்கச் சொல்லிவிடுவார்கள். ஆண்டுக்கு ஒரு டக் பிரிப்பார்கள். பிரித்த இடத்தில் சாயம் போகாமல் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்தே பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். பரதநாட்டிய உடை தைப்பவர்களும் வளரும் பிள்ளைகளுக்கு உள்ளே துணி விட்டுத்தான் தைக்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. பள்ளிக்கூடத்துப் பெட்டி முன்னால் நின்றதும் மறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அக்காவிடம் அந்த ஒரு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். தையல் தெரிந்தவர்களுக்கு இது சாதாரணம். என்னைப் போல் பட்டன் மட்டுமே தைக்கத் தெரிந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில், துணிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தையல் ஓரத்தை இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் மட்டும் அறுந்தால் பயமில்லை, மறுபடி தைக்கலாம். துணியே கிழிந்தால் அதைத் திருத்தி மேடைக்கு அனுப்பக் கூடாது. பட்டு, சாட்டின் உடைகள் மடித்து வைத்த கோட்டிலேயே இற்றுப்போகும். மடிப்புகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இரண்டாவது, திருப்பிப் பார்ப்பது. எந்த உடையையும் உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, பக்கவாட்டில், கையின் அடியில், கீழ் மடிப்பில் எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்கள் கோட்டின் கணக்கு இது. தையலுக்கு உள்ளே ஒரு அங்குலம் துணி. கால் அங்குலத்தைத் தையல் பிடிப்புக்கு விட்டால், ஒரு விளிம்பில் முக்கால் அங்குலம் கிடைக்கும். ஒரு தையலுக்கு இரண்டு விளிம்பு, ஆக ஒன்றரை. வலம், இடம் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று அங்குலம். நான் முக்கால் அங்குலம்தான் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். இந்தக் கணக்கைத்தான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பின்னப் பாடத்தில் பிறகு கொடுத்தேன். பாதிப் பேர் என்னைப் போலவே முதலில் முக்கால் என்றார்கள். கோட்டைக் கையில் கொடுத்துத் தையலைக் காட்டியதும் தாங்களே திருத்திக்கொண்டார்கள்.

மூன்றாவது, ஒரு இடத்தைத் தளர்த்தினால் அதை ஒட்டிய இடத்தையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டுத் தையலைப் பிரித்ததும் அக்குள் வளையம் பெரிதாகிவிட்டது. அதனால் கையின் அடித் தையலையும் அதே அளவு பிரிக்க வேண்டியிருந்தது. நடு முதுகுத் தையலையும் பிரித்தால் இன்னும் துணி கிடைக்குமே என்று கேட்டேன். "அதைத் தொட்டா காலர் வரைக்கும் பிரிக்கணும். கூடுமான வரைக்கும் தொடாதீங்க" என்றார்.

எங்களுக்கு ஐந்து அங்குலம் வேண்டியிருந்தது. கிடைத்தது மூன்று. மீதி இரண்டுக்கு அக்கா சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. கோட்டை மூடாமல் திறந்தே விடுவது. உள்ளே, கைவைக்காத அரைக்கோட்டு போட்டிருப்பது போல் சாம்பல் நிறத் துணியில் முன்பக்கம் மட்டும் ஒரு துண்டு. கழுத்துக்கு ஒரு நாடா, முதுகுக்கு ஒரு எலாஸ்டிக். எந்தப் பிள்ளைக்கும் சேரும். அந்தக் காலத்து ஆங்கிலேய அதிகாரிகளின் படங்களில் கோட்டைத் திறந்துவிட்டு உள்ளே அரைக்கோட்டு தெரிய நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வேடமும் கெடவில்லை.

நான்காவது, பிரித்த தடம். வெல்வெட்டிலும் சாட்டினிலும் பழைய ஊசித் துளை மறையாது. வெளித்துணி வெளுத்திருக்கும், உள்ளே இருந்தது அடர்ந்த நிறத்தில் இருக்கும். பிரித்ததும் பட்டையாகத் தெரியும். அதன்மேல் ஜரிகை பார்டரோ பட்டையான நாடாவோ வைத்துத் தைத்தால் அலங்காரம் போலவே இருக்கும். கை நீளத்துக்கு மணிக்கட்டில் வேறு துணியில் பட்டி கொடுத்தோம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டுப் போட்டால் ஒட்டு என்று தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்டால் அதுவே டிசைன்.

ஐந்தாவது, வெட்டாமல் இருப்பது. சின்னப் பிள்ளைக்காகச் சுருக்க வேண்டுமென்றால் மடித்து, பெரிய ஓட்டுத் தையலாகக் கையால் போட வேண்டும். அடுத்த ஆண்டு பெரிய பிள்ளை வந்தால் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். வெட்டிவிட்டால் அந்த உடையின் வளர்ச்சி அங்கே நின்றுவிடும். இரவிக்கை போன்ற உடைகளில் முதுகில் ஹூக்குக்குப் பதில் இரண்டு பக்கமும் துளை வைத்து நாடா கோத்துவிட்டால், ஒல்லியான பிள்ளைக்கும் சேரும், உடம்பான பிள்ளைக்கும் சேரும்.

இதோடு ஒரு யோசனை. நம் ஒயிலாட்டத்தைப் பாருங்கள். வேட்டி, தலைப்பாகை, கையில் ஒரு கைக்குட்டை. இதில் யாருக்கும் ஏறாது என்ற பேச்சே கிடையாது. சுற்றிக் கட்டுகிற துணி எந்த உடம்பையும் ஏற்றுக்கொள்கிறது. புதிதாக உடை செய்வதாக இருந்தால், முடிந்தவரை கட்டுகிற உடையாகச் செய்யுங்கள். ஒரு பருத்திச் சேலை கச்சமாகும், தாவணியாகும், அரசனின் மேலாடையும் ஆகும்.

உடையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோட்டைப் பிரித்தாயிற்று. அளவு வேண்டும். அந்த மாணவி இப்போது எட்டாம் வகுப்பு. தனியே கூப்பிட்டு, "போன வருசம் எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னது என் தப்பும்மா. கோட்டைப் பெருசு பண்றோம். நீ நடிக்கிறியா?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அதையே சொன்னேன். எல்லோர் முன்னாலும் செய்த தவறுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்பது பாதி மன்னிப்புதான் என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் வந்தாள். "நடிக்கிறேன் டீச்சர். ஆனா என்னைய அளக்கக் கூடாது."

அந்த ஒரு வரியில் எனக்கு விஷயம் விளங்கியது. நாம் எப்படி அளவெடுக்கிறோம்? வரிசையாக நிற்க வைத்து, ஒருவர் டேப்பைப் பிடித்து, எண்ணைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் நோட்டில் எழுதுகிறார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த எண் ஊரறியச் சொல்லப்படுவது எப்படி இருக்கும்?

அக்காவிடம் சொன்னேன். "அதுக்கென்ன, அளவுச் சட்டை கொண்டாரச் சொல்லுங்க" என்றார். நாம் தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுப்பதில்லையா? அதுதான். அவளுக்குச் சரியாக இருக்கிற ஒரு சுடிதார் டாப்பைக் கொண்டுவந்தாள். மேசையில் விரித்து அளந்தோம். உடம்பைத் தொடவே இல்லை. காலையில் மலைக்குப் போய்விட்டு இருட்டித் திரும்பும் அம்மா அளவெடுக்கப் பள்ளிக்கு வர வேண்டியதும் இல்லாமல் போனது.

அதிலிருந்து எங்கள் பள்ளியில் மூன்று வழக்கம் வைத்திருக்கிறோம். அளவுச் சட்டை வைத்து மட்டும் அளப்பது. கட்டாயம் உடம்பில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியரோ அம்மாவோ, கூட ஒரு தோழி இருக்க, மற்றவர்கள் பார்க்காத இடத்தில் பார்ப்பது. எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் இருப்பது. "குண்டு", "ஒல்லி" என்ற சொற்களைத் தவிர்த்து, "இந்தக் கோட்டு சின்னது", "இந்தச் சட்டை பெருசு" என்று பேசப் பழகிவிட்டோம். குறை உடையின் மேல் இருக்கட்டும். உடைக்கு வருத்தம் வராது.

தைக்கிற வேலையைப் பிள்ளைகளிடமும் கொடுத்தோம். பட்டன் வைப்பது, ஓட்டுத் தையல், ஹெம்மிங் மூன்றும் எட்டாம் வகுப்புக்கு எட்டாத வேலை இல்லை. பையன்கள் முதலில் "இது பொம்பளப் பிள்ளைக வேலை" என்றார்கள். "இன்னைக்குச் சாயங்காலம் கடைத்தெருவுல தையல் மெஷின் முன்னாடி உக்காந்திருக்கிறது யாருன்னு எண்ணிட்டு வாங்க" என்றேன். மறுநாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஊசி கேட்டார்கள். ஊசியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். அது மட்டும் கவனம்.

எல்லா உடையையும் திருத்தலாமா என்றால், கூடாது. ஒரு குடும்பம் நினைவாகக் கொடுத்தது, தேவராட்டக் கலைஞர் ஒருவர் தாமே உடுத்திப் பிறகு பள்ளிக்குத் தந்தது போன்றவை இருந்தால் கொடுத்தவரிடம் கேட்காமல் ஊசி வைக்காதீர்கள். அவற்றைச் செய்தித்தாள் மேல் விரித்து ஓரத்தை வரைந்து, அந்தத் தாள் அளவில் புதிதாக ஒன்று தைத்துக்கொள்ளலாம். அதே போல், தைத்தவர் ஊரில் இருக்கிறார் என்றால் முதலில் அவரிடம் போங்கள். தன் வேலை கெட்டுவிடும் என்று அவர் வருந்துவார் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். எங்கள் அக்கா அந்த ஒரு மாதமும் தினமும் மாலையில் பள்ளிக்கு வந்தார். ஓய்வுபெற்ற பிறகு அவரைப் பள்ளிக்கு ஒருவரும் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வேலை முடிந்ததும் பத்திரப்படுத்துவது பற்றி இரண்டு வார்த்தை. வியர்வையோடு மடித்து வைத்தால் அடுத்த ஆண்டு அந்த இடம் இற்றுவிடும். நிழலில் நன்றாகக் காயவிட்டு, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் உள்ளே நின்று பூஞ்சை பிடிக்கும். ஜரிகை உள்ளதை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒரு முறை எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள்.

அந்த ஆண்டு நாடகம் நடந்தது. கோட்டு அவளுக்குச் சரியாகவே இருந்தது. முதல் காட்சியில் குரல் நடுங்கியது. பாதியில் வெள்ளம் வந்து கட்டியதெல்லாம் அடித்துப் போகிற காட்சியில்தான் பழைய குரல் வந்தது. பள்ளி வாசலில் நின்றிருந்த பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. பரிசு எதுவும் இல்லை, அது போட்டியும் இல்லை. ஆனாலும் ஏழாம் வகுப்பில் அவள் இழந்த ஒரு வருடத்தை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு வருடம் போனது போனதுதான்.

கோட்டின் உள்பக்கம், காலருக்குக் கீழே, அக்கா ஒரு வெள்ளை நாடா தைத்து வைத்தார். அதில் ஆண்டு, மார்பளவு, எந்தத் தையல் பிரித்தது, இன்னும் எவ்வளவு துணி மீதி என்று எழுதுகிறோம். பிள்ளையின் பெயர் எழுதுவதில்லை. அதற்குப் பிறகு அந்தக் கோட்டு இரண்டு முறை சிறுத்து ஒரு முறை பெருத்திருக்கிறது. நாடாவில் இன்னும் இடம் இருக்கிறது.

இந்த வாரம் உங்கள் பள்ளிக்குப் போனதும் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு உடையையும் திருப்பி, உள்ளே எவ்வளவு விட்டிருக்கிறது என்று பாருங்கள். வேடத்துக்கான பிள்ளையை அதற்கு முன்பே, குரலையும் ஆர்வத்தையும் பார்த்துத் தேர்ந்துவிடுங்கள். பிறகு உடையை எடுங்கள். வரிசை மாறாமல் இருந்தால் போதும்.